எங்கள் வீட்டுச் சுகர்

எனக்குத் தொண்டை பெரிது. ஏற்காடு கடைவீதியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். கடைக்குள்ளிருந்து நான் விலை சொன்னால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்கள் பேரம் பேசலாம் என்பது என் மனைவியின் கணக்கு. கோபம் வந்தால் இன்னும் இரண்டு கட்டை ஏறும். கோபம் எனக்கு அடிக்கடி வரும். அப்படிப்பட்ட நான் போன குளிர்காலம் முழுவதும் சொந்த வீட்டுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பூனை மாதிரி நடந்தேன். அதற்குக் காரணம் என் கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு ஜீவன்.

என் மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அங்கே அவள் தங்கிய விடுதியில் பிராணிகள் வைத்துக்கொள்ளக் கூடாது. முறைப்படி பதிவு செய்து வளர்த்துவந்த சுகர் கிளைடர் ஜோடியைக் கூண்டோடு எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். பார்க்க அணில் போல இருக்கும். சாம்பல் நிறம், நெற்றியிலிருந்து வால்வரை ஒரு கறுப்புக் கோடு, முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே மடித்து வைத்த தோல். அந்தத் தோலை விரித்தால் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் காற்றில் வழுக்கிக்கொண்டு போகுமாம். மரத்தில் கசிகிற இனிப்புப் பாலைக் குடிக்கும் என்பதால் சுகர் என்று பெயர். நாங்கள் கிளைடரை விட்டுவிட்டு வெறும் சுகர் என்றே கூப்பிட்டுப் பழகினோம். "ஏனுங்க, சுகருக்கு வெச்சாச்சுங்களா?" என்று என் மனைவி கேட்டால், சாயங்காலத் தட்டில் பப்பாளித் துண்டும் அவித்த முட்டையும் வைத்தாயிற்றா என்று அர்த்தம்.

ஆரம்பத்தில் எனக்கு அவற்றைப் பிடிக்கவில்லை. பகல் முழுவதும் கூண்டில் தொங்கும் துணிப்பைக்குள் சுருண்டு தூங்கிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்து ஓடுகிற பிராணிக்கு மரியாதை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எலி என்றே சொன்னேன். என் மகள் போனில் கோபித்துக்கொள்வாள். அவள் கோபித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இன்னொரு தரம் எலி என்பேன்.

நவம்பரில் ஒரு சாயங்காலம் தட்டை உள்ளே வைக்கும்போது பெண் சுகர் கம்பிவலையில் ஏறி என் முகத்துக்கு நேராக நின்றது. அதன் அடிவயிற்றில் இரண்டு புடைப்புகள், ஒவ்வொன்றும் தோல் உரிக்காத நிலக்கடலை அளவு. மகள் நம்பி விட்டுப்போன பொருள், என் கண் முன்னால் கட்டி வந்து நிற்கிறது. உடனே சேலத்தில் இந்த மாதிரி பிராணிகளைப் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். காலையில் கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன். மலைக் குளிர் அதற்கு ஆகாதே என்று துணிப்பையோடு ஸ்வெட்டருக்குள் வைத்து, மேலே ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் எங்கள் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர். அடிவாரம் வரைக்கும் போகிறார். என் வயிற்றையும் அதன்மேல் இருந்த கையையும் பார்த்தார்.

"எங்கீங்க, காத்தாலேயே?"

"டாக்டர்கிட்ட போறனுங்க. எங்க ஊட்டுல சுகர் இருக்குதில்லீங்க, அதுக்கு வயித்துல கட்டி மாதிரி தெரியுது."

அவர் முகம் வாடிப்போயிற்று. இத்தனை நாள் சொல்லவேயில்லையே என்றார். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டா இருக்க முடியும் என்று நான் சொன்னேன். அவரும் தலையாட்டினார். அப்புறம் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் சாய்ந்துவிடாமல் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். பெண் சுகரைத் துணியோடு பிடித்து, வயிற்று ரோமத்தை ஒரு விரலால் விலக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கட்டி இல்லீங்க சார், குட்டி" என்றார். கங்காரு மாதிரி இதற்கும் வயிற்றில் பை உண்டு. குட்டி பிறக்கும்போது அரிசி மணி அளவுதான். கண் கிடையாது, ரோமம் கிடையாது, பின்கால் சரியாக முளைத்திருக்காது. அப்படிப் பிறந்தது தானாகவே வயிற்று ரோமத்தில் ஊர்ந்து ஏறிப் பைக்குள் போய்க் காம்பைக் கவ்விக்கொள்ளும். இரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே வளரும். உங்கள் வீட்டில் பிரசவம் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது, யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான் என்றார். தினமும் தட்டு வைத்துக்கொண்டிருந்த என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் இது இரண்டு பிள்ளை பெற்றிருக்கிறது.

சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார். இனிமேல்தான் கவனம் வேண்டும். சத்தம் கூடாது, ஆள் கூட்டம் கூடாது, தொட்டுத் தொட்டுப் பார்க்கக் கூடாது. தாய் மிரண்டுபோனால் குட்டியை உதறிவிடும், சில சமயம் தின்றும் விடும். வெளியே வந்த குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது, உங்கள் ஊர் டிசம்பர் அதற்கு எமன். தாய்க்கு முட்டையும் கால்சியம் பொடியும் தவறாமல் கொடுங்கள், இல்லாவிட்டால் அதன் எலும்பிலிருந்தே சத்து போய்ப் பின்கால் விழுந்துவிடும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

டாக்டரம்மா ஆங்கிலத்தில் சொன்ன பவுச் என்ற வார்த்தையை நான் இரண்டு தரம் சொல்லியும் என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. அவள் பள்ளிக்கூட லீவு நாட்களில் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போனவள். பழம் போட்டுக்கொள்ள இடுப்பில் சாக்குத் துணியை மடித்துக் கட்டுவார்களே, அதற்கு மடி என்று பெயர். "மடியில புள்ளைய வெச்சிருக்குதுன்னு சொல்லுங்க" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது மடிதான்.

அன்று மாலை மகளுக்குச் சொன்னேன். சிரித்தாள், சிரிப்போடு அழவும் செய்தாள். புதிதாகச் சேர்ந்த வேலை, பொங்கலுக்கு முன்னால் லீவு கிடைக்காது. "அப்பா, நான் வர்றப்ப ரெண்டும் இருக்கோணுங்கப்பா. ரெண்டையும் நான் பாக்கோணும்." பார்ப்பாய் கண்ணு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சொல்லி முடித்தபிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தையை விட்டுவிட்டோம் என்று உறைத்தது.

அதோடு எங்கள் வீடு ஊமை வீடாகிவிட்டது. மிக்ஸி பின்கட்டுக்குப் போயிற்று. குக்கர் பரணுக்கு ஏறியது, சோறு பானையில் வடித்தோம். காலிங் பெல்லின் வயரைப் பிடுங்கிவிட்டேன். டி.வி.யில் ஆட்கள் வாயை மட்டும் அசைத்தார்கள், அதில் செய்தி பார்ப்பது ஒரு மாதிரி நிம்மதியாகவே இருந்தது. எனக்குக் கோபம் வந்தால் எழுந்து கேட்டுக்கு வெளியே போய் ரோட்டில் நின்று தீர்த்துக்கொண்டு வருவேன். "கல்யாணமானதுல இருந்து ஊடு இப்படி இருந்ததே இல்லீங்க" என்று என் மனைவி என் காதோடு காதாகச் சொன்னாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்ததால் எனக்குக் கோபம் வந்தது. எழுந்து ரோட்டுக்குப் போனேன்.

குட்டி விஷயத்தை வெளியே யாருக்கும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தோம். ஏற்காட்டில் ஒரு வீட்டில் பறக்கிற அணில் குட்டி போட்டிருக்கிறது என்று தெரிந்தால் தெருப் பிள்ளைகள் மட்டுமா வருவார்கள், ஏரியில் படகு சவாரிக்கு வந்தவர்களும் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். காதும் காதும் வைத்தாற்போல இருந்துவிட்டோம்.

இந்தச் சமயத்தில்தான் கடைவீதியே திடீரென்று நல்லவர்களால் நிரம்பியது. டீக்கடைக்காரர் எனக்குச் சர்க்கரை இல்லாத டீ கொடுத்தார். மறந்துவிட்டீர்களா என்று கேட்டால், உங்கள் நல்லதுக்குத்தான் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். காய்கறிக் கடைக்காரர் பாகற்காயை ஒரு பை நிறையக் கொடுத்தார். யாரோ நாவல்கொட்டைப் பொடி கொண்டுவந்து கல்லாவில் வைத்துவிட்டுப் போனார்கள். என்னிடம் வருஷக்கணக்காகப் பேரம் பேசிச் சண்டை போடுகிற மேஸ்திரி, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் பெயிண்ட் டின்னைத் தானே தூக்கிக்கொண்டு போனார். சுகர் எப்படி இருக்கிறது என்று பலர் கேட்டார்கள். மகளுடைய பிராணிமேல் ஊருக்கு இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோய், இப்போது பரவாயில்லை, இரண்டு மாதத்துக்குச் சத்தம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று மெல்லிய குரலில் சொல்வேன். வீட்டுப் பழக்கம் கடையிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்டவர்கள் கண் கலங்கிப் போவார்கள். என் குரல் இறங்கியதால்தான் ஊர் திருந்திவிட்டது என்று நான் நம்பினேன்.

டிசம்பர் தொடங்கியபோது மடியிலிருந்து ஒரு நாள் வால் நுனி தொங்கியது. இன்னொரு நாள் ஒரு கால் வெளியே வந்து, காற்று குளிர்ந்ததாலோ என்னவோ, திரும்ப உள்ளே போயிற்று. பிறகு ஒரு சாயங்காலம் பெரியது முழுசாக வெளியே வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துச் சின்னது வந்தது. சொல்லப்போனால் அழகு என்று எதுவும் இல்லை. இளஞ்சிவப்புத் தோலின் மேல் சாம்பல் பூசினாற்போல் ரோமம், மூடிய இமைக்குள் கறுப்பாக இரண்டு உருண்டை, தலையோடு ஒட்டிக்கொண்ட காது. ஆனால் தாய் சாப்பிட இறங்கியபோது தகப்பன் சுகர் செய்ததைப் பார்த்து நான் அசந்துபோனேன். துணிப்பைக்குள் இரண்டு குட்டிகளையும் வயிற்றுக்கடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தாய் திரும்பி வரும்வரை அசையாமல் கிடந்தது. தனக்கும் பசி இருக்கும், தட்டு கண்ணெதிரே இருக்கிறது, இருந்தும் இறங்கவில்லை. அதற்குப் பிறகு நான் எலி என்று சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தெரு டீச்சர் வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எனக்கு மூத்தவர், எந்த வீட்டில் துக்கமென்றாலும் முதலில் போய் நிற்கிறவர். அவரோடு சர்ச்சுக்கு வருகிற நான்கு பெண்கள். ஒருவர் கையில் கஞ்சிரா. எதற்கு வந்திருக்கிறார்கள் என்று புரியாமல் ஹாலில் உட்காரவைத்தேன். எனக்காக ஜெபம் செய்ய வந்திருப்பதாக டீச்சர் சொன்னார். நான் சாமி கும்பிடுகிறவன், ஆனால் எனக்காக யார் எந்தச் சாமியிடம் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சத்தம்தான் பயமாக இருந்தது. கூண்டு பக்கத்து அறையில் இருக்கிறது.

கொஞ்சம் மெதுவாகச் செய்யலாமா டீச்சர் என்று குசுகுசுவென்று கேட்டேன். தொண்டையில் தெம்பே இல்லையே, தம்பி பேச வேண்டாம் என்று அவர் என் தோளை அமுக்கி உட்காரவைத்தார். பாட்டு தொடங்கியது. கஞ்சிரா சேர்ந்துகொண்டது. நான் கையைக் கூப்பினேன், கையால் தணிக்கச் சொல்லிக் காட்டினேன். நோவு அதிகமாகிவிட்டது என்று நினைத்தார்களோ என்னவோ, பாட்டு இன்னும் ஏறியது. பாட்டு முடிந்ததும் டீச்சர் என் தலைமேல் கை வைத்துக் கண்களை மூடினார்.

"ஆண்டவரே, இந்தத் தம்பியோட சுகரைக் கொறச்சுக் குடுங்க. இவரு வயித்துல இருக்கற கட்டியக் கரைச்சுப் போடுங்க."

ஒரே நொடியில் எல்லாம் விளங்கியது. பஸ்ஸில் என் வயிற்றின் மேல் இருந்த கை, சர்க்கரை இல்லாத டீ, பாகற்காய், மேஸ்திரி. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதே நொடியில் பக்கத்து அறையிலிருந்து பழைய மோட்டாரைக் கிளப்புகிற மாதிரி கரகரவென்று ஒரு சத்தம். சுகர் மிரண்டால் போடுகிற சத்தம் அது. எழுந்திருக்கப் பார்த்தேன், டீச்சரின் கை தலையை அமுக்கியது. நான் கத்தினால் நிலைமை இன்னும் மோசமாகும். சமையலறையிலிருந்து என் மனைவி ஓடினாள்.

அவள் திரும்பி வந்தபோது உள்ளங்கையைக் குழித்து வைத்திருந்தாள். சின்னது கூண்டின் தரையில் கிடந்திருக்கிறது. தாய் அங்குமிங்கும் ஓடியதில் பிடி நழுவி விழுந்துவிட்டது. என் கையில் வாங்கினேன். ஈரக்கல்லைத் தொட்ட மாதிரி ஜில்லென்று இருந்தது. அசையவில்லை.

டீச்சர் கண்ணைத் திறந்து பார்த்தார். இது என்ன என்று கேட்டார்.

"இதுதானுங்க டீச்சர், சுகரு" என்றாள் என் மனைவி.

கஞ்சிரா வைத்திருந்த பெண் அதன் சலங்கைகள் உரசாமல் முந்தானைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். முதலில் சூடு, அப்புறம்தான் பால் என்றார். குளிர்ந்த வயிற்றில் பால் போனால் செரிக்காமல் செத்துவிடும். வெந்நீர்ப் பையை நேராக வைத்தால் தோல் வெந்துவிடும். மனுஷ உடம்புச் சூடு போதும், அதோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். என் மனைவி ஒரு பழைய துண்டை எடுத்து, காப்பிக்காட்டில் கட்டுவாளே அதே மாதிரி மடித்து என் இடுப்புக்கு மேலே மடி கட்டினாள். குட்டியை அதற்குள் என் தோலோடு ஒட்ட வைத்து மேலே ஸ்வெட்டரை இழுத்துவிட்டாள். ஐந்து பெண்களுக்கு நடுவே வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றேன், வெட்கப்பட நேரமில்லை. வந்தவர்கள் யாரும் எழுந்து போகவில்லை. டீச்சர் மறுபடியும் ஜெபம் செய்தார். இந்தத் தரம் உதடு மட்டும்தான் அசைந்தது.

என் மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும்தான் நான் யோசித்தேன். மூச்சைக்கூட அளந்து விட்டேன். வெகுநேரம் ஒன்றுமே இல்லை. வந்தவர்களுக்கென்று என் மனைவி போட்டு வைத்த டீ ஆறிப்போய் ஏடு கட்டியது. பிறகு தொப்புளுக்குப் பக்கத்தில் ஏதோ சுரண்டியது. எறும்பு ஊர்வது போல இருந்தது, நின்றது, மறுபடி சுரண்டியது. உயிர் போய் உயிர் வந்தது எனக்கு. என் முகத்தைப் பார்த்தே டீச்சருக்குத் தெரிந்துவிட்டது.

"சாமி அசையுதுங்களா, தம்பி?" என்று கேட்டார். சின்னப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற அதே சாமிதான். ஆமாம் என்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் அதோடு தீரவில்லை. சூடான குட்டியைத் துணிப்பைக்குள் திரும்ப விட்டபோது தாய் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெரியது மட்டும் அதன் வயிற்றில் தொங்கியது. தகப்பன்தான் சின்னதை இழுத்துத் தன்னடியில் போட்டுக்கொண்டது. சூட்டுக்குத் தகப்பன் போதும், பாலுக்கு என்ன செய்ய? மகளிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். யாரையும் திட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அப்புறம், "பொழைக்குங்களாப்பா?" என்று கேட்டாள். தெரியவில்லை கண்ணு என்றேன்.

மறுநாள் டீச்சர் தானே பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய் டாக்டரம்மா சொன்ன பால்பொடியை வாங்கிவந்தார். பசும்பால் ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். கரைத்து வெதுவெதுப்பாக வைத்தாயிற்று, புகட்டுவது எப்படி? மருந்துக் கடை டிராப்பரின் மூக்கு குட்டியின் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு சொட்டு மூக்கில் ஏறினால் முடிந்தது. அப்போதுதான் என் கடை ஞாபகம் வந்தது. போர்டு எழுதுகிறவர்கள் மெல்லிய கோடு இழுக்க வாங்குகிற பிரஷ் ஒன்று உண்டு, நாலைந்து மயிர்தான் இருக்கும். புதிதாக ஒன்றை எடுத்து வெந்நீரில் கொதிக்கவைத்து, பாலில் தொட்டு, குட்டியின் வாயோரம் வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கண்ணுக்குத் தெரியாத ஒரு நாக்கு வந்து பிரஷை நக்கியது. எத்தனையோ வருஷமாகப் பிரஷ் விற்கிறேன், இந்த உபயோகத்தை எந்தக் கம்பெனிக்காரனும் எனக்குச் சொன்னதில்லை.

பால் கொடுத்தால் போதாது. குட்டிக்குத் தானாக ஒன்றுக்குப் போகத் தெரியாது, தாய் நக்கிவிட்டால்தான் போகும். வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிப்பக்கம் மெதுவாக ஒற்றியெடுக்க வேண்டும். அதையும் செய்தேன். "எம் புள்ளைக்கு ஒருநாளாவது கால் கழுவி உட்டிருப்பீங்களா?" என்று கேட்டு என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சத்தம் போடக் கூடாத வீட்டில் பதில் சொல்லும் வசதி எனக்கு இல்லை. கலர் கலக்குவதற்குப் பொடி நிறுக்கிற சின்னத் தராசைக் கடையிலிருந்து கொண்டுவந்து குட்டியை நிறுத்துப் பார்ப்பேன். எடை ஏறினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும்.

நான் கடை திறக்கப் போகும் நேரம் டீச்சர் வந்துவிடுவார். செருப்பைக் கேட்டிலேயே விட்டுவிடுவார். மடியைத் தன் புடவைக்குள் கட்டிக்கொண்டு, கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்து, குட்டியைத் தகப்பனிடம் விடும் நேரமும் பால் நேரமும் பார்த்துப் பார்த்துச் செய்வார். வாழ்நாள் முழுவதும் வகுப்பில் பிள்ளைகளைப் பேசாதே பேசாதே என்று அடக்கியவர், இப்போது மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மனசு என்னவோ செய்தது. தன்னால்தான் விழுந்தது என்று ஒருநாள் சொன்னார். விழுந்தது பஸ்ஸில் நான் சொன்ன ஒரு வார்த்தையால் என்றேன். இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரித்தோம்.

கடைவீதிக்கு உண்மை தெரிந்தபோது பெரிய ஆரவாரம் ஒன்றும் இல்லை. டீக்கடைக்காரர் கொஞ்சநேரம் என்னை முறைத்தார். பிறகு டீயில் இத்தனை நாள் போடாத சர்க்கரையை எல்லாம் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார். மேஸ்திரி இத்தனை நாள் விட்டுவைத்த பேரத்தையும் சேர்த்துப் பேசினார்.

ஒரு விடியற்காலை. வெளியே மூடுபனி ஜன்னல் கண்ணாடியை மறைத்திருந்தது. பால் கொடுக்கலாம் என்று துணிப்பையின் வாயை ஒரு விரலால் விலக்கினேன். தகப்பனுக்கு அடியில் சின்னது இல்லை. தரையைப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. இன்னும் கொஞ்சம் விலக்கியபோது தாய் சுருண்டு படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டி ஒரு தலை, அதற்குப் பக்கத்தில் இன்னொரு தலை. இரண்டும் பால் குடித்துக்கொண்டிருந்தன. தாய் ஒரு கையைச் சின்னதின் மேல் போட்டிருந்தது. எப்போது மனம் மாறியது, ஏன் மாறியது, எனக்குத் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை. பையை மூடிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து அழுதேன். என் மனைவி வந்து என் முகத்தைப் பார்த்துப் பயந்தாள், நான் இரண்டு விரலைக் காட்டினேன். கேட்டுக்கு ஓடினேன். டீச்சர் பனியில் வந்துகொண்டிருந்தார். அவருக்கும் இரண்டு விரலைக் காட்டினேன். அவர் ரோட்டிலேயே நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அதற்கப்புறம் எல்லாம் வேகம்தான். பெரியது கண் திறந்தது, இரண்டு நாள் பொறுத்துச் சின்னதும் திறந்தது. அந்தச் சின்ன முகத்துக்கு அவ்வளவு பெரிய கறுப்புக் கண் எதற்கு என்று தோன்றும். தலையோடு ஒட்டியிருந்த காது நிமிர்ந்தது. ரோமம் அடர்ந்தது, வால் புசுபுசுவென்று ஆயிற்று. தாய் முதுகில் சவாரி செய்தன, பிறகு இறங்கி ஒன்றையொன்று துரத்தின. தாயின் வாயில் இருந்த முட்டையைப் பிடுங்கித் தின்னப் பழகின. பிரஷைக் கழுவி வைத்தேன், விற்பனைக்கு இல்லை.

பொங்கலுக்கு முதல் நாள் மகள் வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவள் எங்களைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, கையைக் கழுவிக்கொண்டு கூண்டுக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வருவாள் என்று தெரிந்து டீச்சரும் வந்திருந்தார். விளக்கு வைத்த நேரம். துணிப்பை அசைந்தது. முதலில் தகப்பன், பின்னால் தாய், அதற்கும் பின்னால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கம்பிவலையில் தாவி ஏறி, என் மகளைத் தலைகீழாகப் பார்த்தன. அவள் இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினாள்.

"அப்பா, இதுல எதுங்கப்பா கீழ உழுந்தது?"

என் மனைவி இடது பக்கம் இருந்ததைக் காட்டினாள். டீச்சர் அதே நேரத்தில் வலது பக்கத்தைக் காட்டினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கையை இறக்கினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனேன். இத்தனை நாள் அதை என் வயிற்றில் வைத்திருந்திருக்கிறேன், அதன் எடை எனக்கு மனப்பாடம், அதன் நாக்கு எப்படி இருக்கும் என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டும் இடம் மாறி ஓடின, திரும்பி வந்தன, ஒரே மாதிரி என்னைப் பார்த்தன. ஒரே உயரம், ஒரே கொழுப்பு, ஒரே திமிர். நான் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

"தெரியல கண்ணு" என்றேன்.

அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.